துருவுல வந்த கை

ஹரிபாபு புடிச்ச பிஸ்டல்ல பதினோரு மணி நேரத்துல துரு ஏறும், ஆனா அந்தத் துருவுல தெரியிற கை ஹரிபாபு கை கெடையாது. ஏர்பேடு தாண்டி ரோட்டோரமா இருக்கிற பூச்சு ஷெட்டுல வேலை செய்ற முப்பத்தெட்டு பேருக்கும் இது தெரியும். கேன் தண்ணி போட வர்ற ஆட்டோக்காரருக்கும் தெரியும். பிஸ்டல் செய்யிறது வேற ஸ்டேட்டுல. அங்கேர்ந்து வெறும் இரும்பா பொட்டியில வரும். இங்க அதுக்கு மேல பூச்சு ஏத்தணும், ஏத்துன பூச்சு எவ்ளோ நாளு தாங்கும்னு பாக்கணும். லைசென்ஸ் வாங்கி இடுப்புல சொருவிக்கினு போற மனுஷனுக்கு வேர்க்கும், வேர்வையில உப்பு இருக்குது, உப்பு பட்டா இரும்பு சும்மா இருக்காது. மத்த ஊருங்கள்ல இதுக்குன்னே பாட்டில்ல வேர்வை விக்கிறாங்க, அத ஊத்திப் பாப்பாங்க. இங்க பாட்டிலுக்குப் பதிலா ஹரிபாபு இருந்தான்.

அவன் கை சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். வெதுருகுப்பத்துல ஸ்கூலுக்குப் போறப்ப காம்பஸ் பாக்ஸு ரெண்டு வாரம் தாங்காது. பஸ்ஸுல கம்பியப் புடிச்சா கண்டக்டர் "ஒரேய், கம்பி வத்து ரா, சீட்டப் புடி"ன்னு பாதி தெலுங்குலயும் பாதி தமிழ்லயும் கத்துவாரு. அவங்க அம்மா செல்லியம்மா தோசக்கல்ல அவன் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. திருப்பதியில ஒரு மெக்கானிக் கடையில வேலைக்குச் சேந்தான், அஞ்சாவது நாளு ஸ்பேனரெல்லாம் செவந்து போயி ஓனரு கையெடுத்துக் கும்புட்டு அனுப்பி வெச்சாரு. அவங்க குடும்பம் முன்ன அடுத்தவங்க கரும்புத் தோட்டத்துல கூலிக்கு வெட்டுன குடும்பம், அப்பால கவர்மென்ட்டு குடுத்த ஒண்ணரை ஏக்கர்ல வேர்க்கடல போட ஆரமிச்சாங்க. அந்த நெலத்துல மம்முட்டி புடிக்கிற வேலையெல்லாம் தம்பி மோகன்ராஜ்தான் செய்வான், ஏன்னா அண்ணன் புடிச்ச மம்முட்டி மறு மாசம் சல்லடையா பூடும். அதனால ஏர்பேடு ஷெட்டு மேனேஜர் சுரேஷ்பாபு துரு புடிக்கிற கையா பாத்து ஆள் தேடிக்கினு இருக்காருன்னு கேள்விப்பட்டப்ப, ஹரிபாபு தன் கைய நீட்டிக் காட்டி வேலை கேட்டான். சுரேஷ்பாபு ஒரு ஆணியக் குடுத்து மறுநாளு கொண்டாரச் சொன்னாரு. கொண்டாந்தான். அன்னிக்கே வேலை.

டெஸ்டுக்குன்னு ஒரு மொறை இருந்திச்சி. மொத நாளு மதியம் மெஸ்ஸுல அவனுக்கு மட்டும் கருவாட்டுக் கொழம்பு, கூட ஆவக்கா ஊறுகா. மறுநாளு காலையில ஆறு மணிக்கு ஃபேன நிறுத்திட்டு ஒக்கார வெப்பாங்க. உள்ளங்கையில வேர்வை முத்து முத்தா நிக்கிறப்ப பிஸ்டல வலது கையில அரை மணி நேரம் இறுக்கிப் புடிச்சிருக்கணும். ஊசி கழட்டுன பிஸ்டல்தான், சுடாது. அப்பறம் அத ஈரக் காத்துப் பொட்டியில வெச்சி மூடிடுவாங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்கு, குவாலிட்டி பாக்குற பிரமிளா, அது புத்தூர்ப் பொண்ணு, பொட்டியத் தொறந்து எத்தினி மணி நேரத்துல எவ்ளோ துருன்னு எழுதுவா. மொத மொத பாத்தது நீலப் பூச்சு. கொதிக்கிற உப்புத் தண்ணியில முக்கி எடுத்தா இரும்பு கருநீலமா மயில் கழுத்து கணக்கா பளபளக்கும், செலவும் கம்மி, ஆனா வேர்வைக்கு முன்னாடி நிக்காது. அன்னிக்குப் பொட்டியத் தொறந்த பிரமிளா, "ஹரி அண்ணா, உன் மோதிரம் எங்க?"ன்னு கேட்டா. அவன் மோதிரமே போட்டது கெடையாது. துருவுல இருந்த கைக்கு ரெண்டு பெரிய மோதிரம், அதுல ஒண்ணுல ஒம்போது கல்லு, எண்ணிப் பாக்குற மாதிரி தெளிவா இருந்திச்சி.

டெஸ்டு முடிஞ்ச பிஸ்டல ஒடச்சிப் போடணும்ன்றதுதான் ரூல். சுரேஷ்பாபு அத ஒடைக்க மாட்டாரு, துருவ சொரண்டி மறுபடியும் பூச்சு ஏத்தி விக்கிற லாட்டோட சேத்து அனுப்பிடுவாரு. எட்டு மாசம் கழிச்சி மெஸ்ஸு டிவியில, கல்யாண மண்டபத்துல கூட்டாளிய சுட்டுக் கொன்ன ஆளு ஒருத்தன இழுத்துக்கினு போறதக் காட்டுனாங்க. மூஞ்சிய துண்டால மூடியிருந்தான், கை மட்டும் தெரிஞ்சிச்சி. பிரமிளா தட்ட வெச்சிட்டு டிவி கிட்ட போயி கல்லு எண்ணுனா. ஒம்போது. ரெண்டாவது தடவ வந்தது ரொம்பச் சின்னக் கை, மூணு வயசுப் புள்ள கை, விரலெல்லாம் வேர்க்கடல அளவுதான் இருந்திச்சி. அந்தப் புள்ள அவங்க அப்பன் தலவாணிக்கு அடியிலேர்ந்து எடுத்து மாமன் முட்டியில சுட்டதும் டிவியில வந்திச்சி. அதுக்கப்பறம் ஷெட்டுல யாரும் சந்தேகப்படல. அந்தப் பிஸ்டலால எவன் மனுஷன சுடப்போறானோ அவன் கை அது. போலீஸுல சொல்லலாம்னு பிரமிளா சொன்னா, போயி இன்னா சொல்றது, துரு வந்திச்சின்னா? சுரேஷ்பாபு கிட்ட சொன்னதுக்கு அவரு கண்ணாடியத் தொடச்சிக்கினே, "கை யாருதுன்னு கஸ்டமர் கேக்கல ஹரி. எத்தினி பர்சென்ட் துருன்னுதான் கேக்குறாரு. பர்சென்ட் எழுதுங்க, சாலு, அது போதும்"ன்னாரு. எழுதுனாங்க. ஹரிபாபுவும் எழுதுறதுக்குக் கையக் குடுத்துக்கினு இருந்தான். மண்டபத்துல செத்தவனோட பொண்டாட்டி டிவியில அழுதது மட்டும் அவன் சோறு துன்ற நேரத்துல எல்லாம் காதுல கேக்கும்.

கொரோனா ஓஞ்ச அடுத்த வருஷம் பாஸ்பேட் பூச்சு வந்திச்சி. அது சாம்பக் கலருல, பலப்பம் மாதிரி சொரசொரன்னு இருக்கும், எண்ணெய ஊத்துனா குடிச்சி வெச்சிக்கும், பாக்க நல்லா இல்லன்னாலும் நீலத்த வுட மூணு மடங்கு தாங்கும். முப்பத்தி நாலாவது மணி நேரத்துல கை வந்திச்சி. சுண்டு விரலு வெளிப்பக்கமா கோணி இருந்திச்சி, உள்ளங்கைக்குக் குறுக்கால கொடுவா வெட்டு ஒண்ணு. பிரமிளா பர்சென்ட் எழுதிக்கினு இருந்தா. ஹரிபாபு வெளிய போயி கொழா கிட்ட குந்திக்கினு தன் கையத் தேச்சித் தேச்சிக் கழுவுனான். அந்தச் சுண்டு விரல ஒடச்சதே அவன்தான். சின்ன வயசுல ரேஷன் கடை இரும்புக் கதவ வெளையாட்டுக்குச் சாத்துனான், தம்பி விரலு நடுவுல இருந்திச்சி. உலகத்துல வேற எந்தக் கையவும் அவனுக்கு இவ்ளோ நல்லாத் தெரியாது.

அன்னிக்கு ராத்திரியே அந்தப் பிஸ்டல எடுத்துக்கினு போயி, கெட்ட பூச்ச கரைக்கிற ஆசிட் தொட்டியில கை நழுவுன மாதிரி போட்டுட்டான். ரெண்டு நாளு கழிச்சி எடுத்தப்ப அது கரையான் அரிச்ச கட்டை மாதிரி இருந்திச்சி. சுரேஷ்பாபு திட்டுனாரு, அதோட முடிஞ்சிச்சின்னு ஹரிபாபு நெனச்சான். அடுத்த லாட்டுல அதே கோணல் விரலு. அதுக்கடுத்த லாட்டுலயும் அதான். மத்தவங்க கை ஒரே ஒரு தடவதான் வந்திச்சி, பிஸ்டல் வெளிய போறப்ப கூடவே பூடும். இந்தக் கைக்குப் போக்கிடம் இல்லாம பண்ணது ஹரிபாபு. ஆசிட்டுல கரைஞ்ச இரும்புலேர்ந்து எழுந்து அடுத்த இரும்புக்கு வந்திடுச்சி, வந்து அங்கயே தங்கிடுச்சி. அதுக்கப்பறம் அந்த ஷெட்டுல வேற யாரு கையும் வரல.

அந்த மாசம்தான் மோகன்ராஜுக்கு வேலை கெடச்சிச்சி. திருப்பதியில ஒரு நகைக்கடை வாசல்ல செக்யூரிட்டி, யூனிபாரம், இடுப்புல பிஸ்டல். செல்லியம்மா தெருவுல எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டாங்க. ஹரிபாபு துருவ போட்டோ எடுத்து, பிரமிளாவ வுட்டு கை அளவுக்கே பெருசா பேப்பர்ல எடுக்கச் சொல்லி, அத மடிச்சி பாக்கெட்ல வெச்சிக்கினு ஊருக்குப் போனான். தம்பி கெணத்து மேட்டுல மோட்டாருக்குப் பக்கத்துல ஒக்காந்து வெத்தல பையில இருந்த முறுக்கு துன்னுக்கினு இருந்தான். ஹரிபாபு சொன்னதக் கேட்டு அவன் அப்படிச் சிரிச்சான்.

"இன்னா அண்ணா, துருவப் பாத்தா என் மூஞ்சி தெரியுதா உனுக்கு?"

"மூஞ்சி இல்லடா. கை."

"கையா! சரி, அந்தக் கைக்கு மாசம் எவ்ளோ தர்றாங்கன்னு கேட்டியா? எனுக்கு இருவத்தி ரெண்டு தர்றாங்க."

ஹரிபாபு பேப்பரப் பிரிச்சி மோட்டார் மேல வெச்சான். மோகன்ராஜ் முறுக்குத் தூள உதறிட்டு வெளையாட்டா தன் கைய அது மேல வெச்சான். விரலுக்கு விரலு, வெட்டுக்கு வெட்டு, தெச்சி வெச்ச மாதிரி ஒக்காந்திச்சி. கைய எடுக்காமலே கேட்டான்.

"நா யார சுடுறேன் அண்ணா?"

"அது வராதுடா. சுடுற கை மட்டும்தான் வரும்."

"அவன் எனுக்கு இன்னா பண்ணான்?"

"அதுவும் வராது."

மோகன்ராஜ் அந்த வேலைக்குப் போகல. செல்லியம்மா மூணு நாளு பெரிய புள்ளையோட பேசல, நாலாவது நாளு அந்தப் பேப்பரப் பாத்தப்பறம் பேசுனாங்க. "தொடச்சா போவாதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அடுத்து வந்தது ஹார்டு குரோம். குரோமு துருவாது, கீறலும் வுழாது, கல்லு மாதிரி இருக்கும், ஆனா அதுல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்குது, அது வழியா அடியில இருக்கிற இரும்பு மூச்சு வுடும். அந்த வெடிப்பு வழியா புள்ளி புள்ளியா கை எழும்பி வந்திச்சி, இந்தத் தடவ மோதிர விரல்ல ஒரு மோதிரம். மோகன்ராஜுக்கு அப்போ கல்யாணமே ஆவல. வேலைய வேணாம்னு சொன்னதுல கை கொஞ்சம் வயசு தள்ளிப் போயிருக்குதுன்னு ஹரிபாபுவுக்குப் புரிஞ்சிச்சி. செல்லியம்மாவுக்கு வேற புரிஞ்சிச்சி. மோதிரம் வந்துடுச்சின்னா பொண்ணு எங்கயோ இருக்குதுன்னு அர்த்தம்னு சொல்லி சத்தியவேடு பக்கம் தேட ஆரமிச்சாங்க.

கை தள்ளிப் போவும்னு தெரிஞ்சப்பறம் அதத் தள்றதே அந்தக் குடும்பத்துக்கு வேலையாச்சி. பக்கத்து நெலத்துக்கார புருஷோத்தமனுக்கும் அவங்களுக்கும் வரப்புல ரெண்டடிக்கு ஏழு வருஷமா சண்ட. மோகன்ராஜ் ஒரு நாளு போயி, "எடுத்துக்க மாமா, ரெண்டடிதான, நாலடியா எடுத்துக்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டான். புருஷோத்தமன் பயந்து போயி இதுல இன்னா சூதுன்னு பத்து நாளு வரப்பத் தொடவே இல்ல. அந்தத் தடவ ஷெட்டுல செராமிக் பெயிண்ட் டெஸ்டு. எந்தக் கலர்ல வேணும்னாலும் அடிக்கலாம், அடுப்புல வெச்சிச் சுட்டா மொறமொறன்னு ஆவும், வேர்வை எறங்காது, ஆனா ஒறையில போட்டுப் போட்டு எடுத்தா ஓரமெல்லாம் தேஞ்சிடும். தேஞ்ச ஓரத்துலேர்ந்து கை உள்ள பூந்து வந்திச்சி, காப்பு காச்சின கை, நாப்பத்தஞ்சு வயசு சொல்லலாம். ஹரிபாபு பூச்சுக்காரங்க கிட்ட ஒவ்வொரு பூச்சப் பத்தியும் துருவித் துருவிக் கேக்க ஆரமிச்சான். கை ஏறாத பூச்சு ஒண்ணு எங்கயாவது இருக்கணும், அதக் கண்டுபுடிச்சிட்டா அது தம்பிய வுட்டுடும்னு அவனுக்கு ஒரு நம்பிக்க. சுரேஷ்பாபு அத வேலையில இருக்கிற அக்கறைன்னு நெனச்சி வருஷக் கடைசியில ஒரு குக்கர் குடுத்தாரு.

போன வருஷம் புரட்டாசியில நாலு சனிக்கெழமையும் அலிபிரியிலேர்ந்து திருமலைக்குப் படி ஏறிப் போறதா ஹரிபாபு வேண்டிக்கினான். ஏறுனான். கைப்புடிக் கம்பியத் தொடாம நடுப்படியிலயே ஏறுனான். அது முடிஞ்சி ஐப்பசியில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்திச்சி. அதுக்குத் துருவாதுன்னு பேருதான், உப்பு தேங்குன மூலையில டீக்கறை மாதிரி புள்ளி வரத்தான் வரும். அந்த டீக்கறையில வந்த கை கெழவன் கை. கட்ட விரலு அடியில சதை வத்திப் போயி, மூட்டெல்லாம் வீங்கி, ரேகைக்கு நடுவுல நூறு சின்ன ரேகை. செல்லியம்மா போன்ல, "எத்தினி வயசு இருக்கும்?"ன்னு கேட்டாங்க. எழுவதுக்கு மேலன்னு சொன்னான்.

"அப்போ எம்புள்ள எழுவது வருஷம் இருப்பான்."

"அம்மா, அது சுடுற கைம்மா."

"இருந்தாத்தானடா சுடுவான்"னாங்க செல்லியம்மா. அன்னிக்குத் தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தாங்க. அந்த வருஷத்துலேர்ந்து மோகன்ராஜும் மாறிட்டான். எழுவது வயசு வரைக்கும் தனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தெரிஞ்சவன் எப்படி நடப்பானோ அப்படி நடந்தான். கரன்ட்ட நிறுத்தாமலே மோட்டார்ல கைய வுட்டான். கயிறு கட்டாம கெணத்துல எறங்குனான். லாரிக்கு நடுவுல வண்டி ஓட்டுனான். எவனாவது கேட்டா கோணல் விரல ஆட்டிக் காட்டுவான்.

ஹரிபாபுவுக்கு மட்டும் அது போதல. இன்னும் கொஞ்சம் தள்ளுனா நூறு வயசுக்குப் பூடும், நூறு வயசுக் கையால ட்ரிக்கர இழுக்க முடியாதுன்னு கணக்கு பண்ணான். அதனால இந்த வருஷம் புரட்டாசிக்கு வேண்டுதல ஏத்துனான். படி ஏறுறதோட, மாசம் முழுக்க உப்பு இல்லாத சாப்பாடு. புரட்டாசியில ஷெட்டுல யாரும் கவுச்சி துன்ன மாட்டாங்க, அவனுக்கும் அந்த மாசம் கருவாடு கெடையாது, ஊறுகாயில ஓட்டிடுவான். இந்தத் தடவ ஊறுகாயும் இல்ல, வெறுஞ்சோறு, தயிரு. வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுன்னு யாருகிட்டயும் சொல்லல. வேலைக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்னு அவனுக்கும் தோணல.

அந்த மாசம் வந்தது நைட்ரைடு. அத பூச்சுன்னே சொல்ல முடியாது. ஐநூறு டிகிரிக்கு மேல காயிற உப்புக் கொழம்புல இரும்ப முக்கிப் போட்டா அதோட தோலே வேற தோலா மாறிடும், மேல ஏத்துனது ஒண்ணும் இல்லாததால உரியிறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஹரிபாபு புடிச்சான். பதினோரு மணி நேரம், ஒண்ணும் இல்ல. நாப்பத்தெட்டு, இல்ல. எட்டாவது நாளு பொட்டியத் தொறந்தப்பவும் அது எண்ணெ தேச்ச எரும மாதிரி கருப்பா, சுத்தமா இருந்திச்சி. சுரேஷ்பாபு "அத்புதம்"னு சொல்லி ஸ்வீட்டு வாங்கியாரச் சொன்னாரு. ஹரிபாபு ஸ்வீட்ட ஒரு கையில வெச்சிக்கினு இன்னொரு கையில அம்மாவுக்கு போன் போட்டான். நாலு வருஷத்துல மொத தடவையா அவன் கொரலு தெளிவா இருந்திச்சி. "கை வரலம்மா. போயிடுச்சி. தம்பி யாரையும் சுட மாட்டான்."

செல்லியம்மா, "கை வரலன்னா, கை எங்க போச்சி?"ன்னு கேட்டாங்க.

ஹரிபாபு ஸ்வீட்ட அப்படியே வெச்சிட்டு வண்டிய எடுத்தான். வெதுருகுப்பம் போய்ச் சேர்ற வரைக்கும் ஹெல்மெட்டுக்குள்ள ஏதோ வேண்டிக்கினே போனான், வழி நெடுக எந்த ஆம்புலன்ஸப் பாத்தாலும் வண்டிய ஓரங்கட்டி உள்ள யாருன்னு பாத்தான். மோகன்ராஜ் உயிரோடதான் இருந்தான். கெணத்துக்கு உள்ள இருந்தான். தண்ணிக்கு நாலடி மேல, கல்லு இடுக்குல கால வெச்சிக்கினு, ரெண்டு கையாலயும் செவுத்தப் புடிச்சிக்கினு, அசையாம இருந்தான். எப்பவும் போல கயிறு இல்லாம எறங்கியிருக்கான். பாதியில அம்மா மேலேர்ந்து விஷயத்தச் சொல்லிட்டாங்க. அதக் கேட்டதுலேர்ந்து அவனுக்கு ஏறவும் முடியல, எறங்கவும் முடியல. ஒரு வருஷமா மறந்து போன பயமெல்லாம் ஒண்ணாச் சேந்து வந்து அவன் கால புடிச்சிக்கிச்சி.

"அண்ணா, கை நெஜமா வரலியா?"

"வரலடா. மேல வா."

"அப்போ நா இப்போ செத்தாலும் செத்துடுவேன் இல்ல?"

"எல்லாருக்கும் அப்படித்தான்டா. கயிறு போடுறேன், புடி."

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நீ சொல்லிட்ட. எனுக்கு இப்பத்தான தெரியுது" அப்படின்னான் மோகன்ராஜ், பல்லு கிட்டிக்கினு.

புருஷோத்தமனும் வந்து கயிறு இழுத்தான். மேல ஏறுனதும் மோகன்ராஜ் ஊட்டுக்குப் போயி கட்டில்ல படுத்துக்கினான். மறுநாளு மோட்டாரத் தொடல. அதுக்கு மறுநாளு தெருவுலயே எறங்கல. சோத்துல பல்லி வுழுந்திருக்குமான்னு மூடியத் தொறந்து தொறந்து பாத்தான். வேர்க்கடல புடுங்குற நேரம், நெலம் அப்படியே கெடந்திச்சி. செல்லியம்மா பெரியவனுக்கு போன் போட்டு அழல, திட்டவும் இல்ல. "அந்தக் கையக் கொண்டா"ன்னு மட்டும் சொன்னாங்க.

பிரமிளாவுக்குத்தான் கேக்கத் தோணிச்சி. ரிப்போர்ட்ட கையில வெச்சிக்கினு அவன் எதுர்ல வந்து நின்னா. "ஹரி அண்ணா, டெஸ்டுக்கு முந்தின நாளு இன்னா துன்ன?"

"தயிரு சோறு."

"ஊறுகா?"

அவன் தலைய ஆட்டுனான். அப்பறம் உப்ப வுட்டத சொன்னான். பிரமிளா ரிப்போர்ட்டால தன் நெத்தியிலயே அடிச்சிக்கினா. "உப்பு துன்னாத கையில இன்னா அண்ணா வேர்க்கும்? வெறுந்தண்ணி! இது பூச்சு நல்லா இருக்கிறதால வரலியா, உன் வேண்டுதலால வரலியா, இல்ல..."ன்னு சொல்லிட்டு மூணாவத சொல்லாம நிறுத்திக்கினா.

"இன்னும் ரெண்டு சனிக்கெழம கீது பிரமிளா. நடுவுல வுட்டா தம்பிக்குத்தான் ஏதாவது ஆவும்."

"வேண்டிக்கினது யாருக்கு?"

"தம்பிக்கு."

"கருவாடு துன்றது யாருக்கு?"

அவன் மெஸ்ஸுக்குப் போயி கருவாட்டுக் கொழம்பு கேட்டான். மெஸ்ஸு சமையக்காரரு புரட்டாசியில கருவாட்டச் சட்டியில போட மாட்டேன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. பிரமிளாதான் ரேணிகுண்டாவுல தேடி, நாலு பேப்பர் சுத்தி, அதுக்கு மேல ரெண்டு கவரு போட்டு எடுத்துக்கினு வந்தா. வெள்ளிக்கெழம மதியம் ஷெட்டுக்குப் பின்னாடி ஸ்டவ்வ பத்த வெச்சி ஹரிபாபு தானே கொழம்பு வெச்சான். நாமம் போட்ட ஆளுங்க மூக்க மூடிக்கினு போனாங்களே தவிர யாரும் ஒரு வார்த்த சொல்லல, ஏன்னா அது எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். திருமலை பக்கமா முதுகக் காட்டி ஒக்காந்துக்கினு துன்னான். கண்ணுல தண்ணி வழியிறது காரத்தாலயா வேண்டுதல் ஒடஞ்சதாலயான்னு பாக்குறவங்களுக்குத் தெரியாது. சனிக்கெழம காலையில ஆறு மணிக்கு, அவன் படி ஏறியிருக்க வேண்டிய நேரத்துல, ரெண்டு பிஸ்டல ஒண்ணுக்கப்பறம் ஒண்ணா புடிச்சான். ஒண்ணு நைட்ரைடு. இன்னொண்ணு எந்தப் பூச்சும் இல்லாத வெறும் இரும்பு, பிரமிளா கேட்டு வாங்குனது.

சாயந்திரம் அஞ்சு மணிக்குப் பொட்டி கிட்ட முப்பத்தெட்டு பேரும் நின்னாங்க. நைட்ரைடு அப்பவும் சுத்தமா இருந்திச்சி. வெறும் இரும்புல கெழவன் கை இருந்திச்சி. போன வருஷத்த வுட இன்னும் கொஞ்சம் வத்தி, இன்னும் கொஞ்சம் நடுங்கி, ஓரமெல்லாம் கலஞ்ச மாதிரி, ஆனா கோணல் விரலும் வெட்டும் அப்படியே இருந்திச்சி. ஹரிபாபு தரையில ஒக்காந்துட்டான். நாலு வருஷமா எந்தக் கை வரக் கூடாதுன்னு வேண்டுனானோ அந்தக் கையப் பாத்து கன்னத்துல போட்டுக்கினான். போட்டோவ அனுப்புன பத்தாவது நிமிஷம் மோகன்ராஜ் கட்டில்லேர்ந்து எழுந்து மோட்டாரப் போடப் போனான்னு செல்லியம்மா சொன்னாங்க. கரன்ட்ட நிறுத்திட்டுத்தான் கைய வெச்சானாம்.

நைட்ரைடு பாஸாச்சி. ஆர்டர் வந்திச்சி. இப்போ அந்த ஷெட்டுலேர்ந்து போற பிஸ்டல் எதுலயும் எந்தக் கையும் தெரியாது, அதால சுடப்போறவங்க இல்லன்னு அர்த்தம் இல்ல, பூச்சு நல்ல பூச்சு, அவ்ளோதான். ஒவ்வொரு லாட்டோடவும் வெறும் இரும்பு ஒண்ணு டெஸ்டுல இருக்கணும்னு பிரமிளா ரூலு எழுதிட்டா. வெளியேர்ந்து வந்த ஆடிட்டர் அத ரொம்ப நல்ல பழக்கம்னு பாராட்டுனாரு. ரிப்போர்ட்ல கடைசிக் கட்டத்துல, "வலது கை, ஆண், வயசு எழுவதுக்கு மேல, சரியா இருக்குது"ன்னு எழுதுறாங்க. கஸ்டமர் அது இன்னான்னு இதுவரைக்கும் கேக்கல.

வெதுருகுப்பத்துலயும் விஷயம் பரவி, மோகன்ராஜுக்கு எழுவது ஆவுறப்ப தங்களுக்கு எத்தினின்னு அவங்கவங்க வயசக் கூட்டிப் பாத்தாங்க. புருஷோத்தமனுக்கு அம்பத்தி மூணு. அது வரைக்கும் தான் இருக்க மாட்டோம்னு தெரிஞ்சதும் தைரியமா வரப்புல இன்னொரு அடி எடுத்துக்கினான். பெரியவங்க எல்லாரும் மோகன்ராஜ் கிட்ட முன்ன வுட நல்லாப் பேசுனாங்க. கைக்கொழந்த வெச்சிக்கிறவங்க மட்டும் அவன் வர்றப்ப புள்ளைய இடுப்பு மாத்திக்கினாங்க, ஏன்னா அந்தப் புள்ளைங்கதான் அப்போ இருக்கும். ஹரிபாபுவுக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு, பிரித்திகா, அவன் பொண்டாட்டி சுமித்ரா கூட வெதுருகுப்பத்துலதான் இருக்குது. அவனும் பொண்ணு வயசக் கூட்டிப் பாத்திருந்தான். நாப்பத்தஞ்சு வந்திச்சி. அத யாரு கிட்டயும் சொல்லல. ஒரு ஞாயித்துக்கெழம மதியம் ஊருக்குப் போனப்ப, சுமித்ரா புள்ளைக்குத் தட்டுல சோத்தப் போட்டுப் பெசஞ்சி மோகன்ராஜ் கையில குடுத்தா. ஹரிபாபு அவளத் தனியாக் கூப்ட்டு, "உனுக்குத் தெரியும் இல்ல?"ன்னு கேட்டான்.

"தெரியும். நானும் கூட்டிப் பாத்தேன்" அப்படின்னா சுமித்ரா.

"பயமா இல்லியா?"

"இருக்குது. அதுக்கு இன்னா பண்றது? சித்தப்பன் ஊட்னாத்தான் துன்றா. நீ ஊட்டுனா வாயத் தொறக்குறாளா, ஊட்டிப் பாரு."

வெளிய வெயிலு நல்லா காஞ்சிக்கினு இருந்திச்சி. மோகன்ராஜ் கோணல் விரல ஒதுக்கி வெச்சிக்கினு சோத்த உருட்டுனான், காக்காவக் காட்டுனான், கைய நீட்டுனான். பிரித்திகா வாயத் தொறந்து வாங்கிக்கினா.